மூன்றாவது லைட்

மேற்குத் தாம்பரத்தில் சாலமோன் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது ஷரீஃபாவின் வேலை. இரண்டு குடை லைட், நடுவில் ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளைத் துணி. அந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளையும் ஒன்றுதான், மாமனாரும் ஒன்றுதான். எல்லா மூஞ்சியும் தேய்த்துக் கழுவிய தட்டு.

அந்தத் தட்டு அவளுக்கு அலுத்துப்போனது. மதியம் கடை ஈயோட்டும் நேரத்தில் தங்கை ஃபராவை ஸ்டூலில் உட்கார வைத்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து லைட் வைக்கப் பழகினாள். ஒரு லைட்டைப் பக்கவாட்டில் உயர்த்தினாள். மூக்கின் நிழல் மீசை மாதிரி விழுந்தது. அதைப் போக்க எதிர்ப்பக்கம் இரண்டாவதை வைத்தாள். பழைய தட்டே திரும்பி வந்தது. இரண்டுக்கும் ஒரே பவர் கொடுத்ததுதான் தப்பு, இரண்டாவது அடக்கி வாசிக்க வேண்டும் என்று பிடிபடவே மாதக்கணக்கானது. மூலையில் கிடந்த பழைய லைட் ஒன்றை மூன்றாவதாக எடுத்தாள்; அது பின்னாலிருந்து தலைமுடியைத் தொட வேண்டுமாம். ஃபராவின் தலையில் முக்காடு. ஷரீஃபா அந்த வெளிச்சத்தை முக்காட்டின் ஓரத்தில் விழ வைத்தாள்.

படத்தைப் பார்த்ததும் கத்தியே விட்டாள். ‘நிறம்தான் கம்மி’ என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டிய முகம், கண்ணும் கன்னமும் எடுப்பாக, அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு புள்ளிகூட எடிட் கிடையாது.

ஃபராவுக்கு வரன் தேடி அம்மா சலித்துப்போயிருந்த நேரம். படம் பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுக்குப் போனது. பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள்.

கூடத்தில் ட்யூப் லைட். மாப்பிள்ளையின் அம்மா போனை ஃபராவின் முகத்தருகே பிடித்து, கத்திரிக்காய் பொறுக்குவதுபோல மாறி மாறிப் பார்த்தார்.

“போட்டோல கலரா இருந்துச்சே. எடிட் பண்ணீங்களா?”

“இல்லீங்க ஆன்ட்டி, எல்லாம் லைட்டுதான்” என்றாள் ஷரீஃபா. அதையும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லித் தொலைத்தாள்.

“அப்போ நாங்க லைட்டைப் பாத்துதான் வந்திருக்கோம்.”

சமோசாவை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுத்தான் போனார்கள். அப்புறம் போன்கூட இல்லை. ஷரீஃபாவுக்கு ஆத்திரம் வந்தது. பாதி அவர்கள்மேல், பாதி தன்மேல்.

அடுத்த வரனுக்குப் படம் கேட்டார்கள். ஃபராவே ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

“பாஸ்போர்ட் போட்டோ மாதிரியே எடுத்துடுக்கா. வர்றவங்க, நேர்ல பரவால்லைன்னாவது சொல்லட்டும்.”

ஷரீஃபா மூன்றாவது லைட்டை அணைத்தாள். மற்ற இரண்டையும் ஒரே பவருக்கு ஏற்றினாள். ஃபரா ஸ்டூலில் உட்கார்ந்து, இத்தனை மாதப் பழக்கத்தில், தாடையைத் தானாகவே வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

“நேரா பாரு” என்றாள் ஷரீஃபா.