வானத்திலிருந்து வந்தவனுக்குச் சாமைச் சோறு

வேலூரில் கல்லூரியில் படித்தபோது எனக்கு நெருக்கமாக இருந்த ஒரே நண்பன் சினிமாப் பைத்தியம். நானும் அப்படித்தான். விண்வெளிப் படங்களும் பேய்ப் படங்களும் பென்டிரைவில் எங்களுக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஊமைப்படக் காலத்திலேயே நிலாவுக்கு ராக்கெட் விட்டது பெரிதா, பூதத்தைக் கண்ணில் காட்டாமலே பயமுறுத்தக் கற்றது பெரிதா என்று கேன்டீனில் சண்டை போடுவோம்.

ஒருநாள் நான் சொன்னேன்: "வேற கிரகத்துலருந்து வர்றவன நம்மாளு சுடுறான், இல்லன்னா அவன் நம்மளத் தின்றான். எந்தப் படத்துலயாவது அவனுக்கு ஒரு வாய் சோறு போட்டாங்களாடா?"

அவன் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

பின்னாளில் இயக்குநரானவன், மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருக்கும் எங்கள் ஊருக்கு ஜீப்பில் வந்து இறங்கினான். "உன் கதைதான்டி. இணையத் தொடரா எடுக்கப் போறேன். தமிழ்ல இது ஒரு மைல்கல்லா நிக்கும், பாரு" என்றான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் போய் நானே பேசினேன். ஊரே ஒத்துழைத்தது.

வானத்திலிருந்து வருகிறவனுக்குச் சோறு போடும் பெண்ணாக என் அம்மா நடித்தாள். கேமராவைப் பார்த்து அவள் கூசவே இல்லை. "பசியா வந்துக்கிறியா கண்ணு? உள்ள வா, ஒக்காரு" என்று சொல்லிச் சாமைச் சோற்றை நீட்டினாள். நண்பனின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

தொடர் வெளியான அன்று பக்கத்து வீட்டார் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். அம்மா புதுப்புடவையில் இருந்தாள். திரையில் அவள் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். ஆனால் பின்னணியில் ஏதோ உறுமியது. அவளுடைய கருவிழிகள் மறைந்து கண் முழுக்க வெள்ளையானது. ஊர்ப்பந்தி என்று எடுத்த காட்சியில் வந்தவனையே ஊர் சேர்ந்து தின்றது.

அம்மா என் பக்கம் திரும்பி, "என் கண்ண இன்னாம்மே பண்ணி வச்சிக்கிறான்?" என்று கேட்டாள்.

வெளியே போய் அவனுக்குப் போன் செய்தேன்.

"தயாரிப்பாளருக்குப் பேய்க்கதைதான் வேணுமாம். ஷூட்டிங் தொடங்கறதுக்கு முன்னாடியே மாத்திட்டோம்."

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"சொல்லியிருந்தா உங்கம்மா அந்தப் பாசத்தோட சொல்லியிருப்பாங்களா? அந்தச் சீனப் பத்தித்தான்டி எல்லாரும் பேசுறாங்க."

நான் போனை வைத்துவிட்டேன். அன்று கண் கலங்கி நின்றபோதே அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு மலைக்குக் கீழிருந்து பைக்கில் பையன்கள் வரத் தொடங்கினார்கள். "ஆயா, ஒரு தடவ கண்ண உருட்டுங்க" என்று போனை நீட்டினார்கள். கணியம்பாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வாழ வந்த புதுப்பெண், அம்மா நீட்டிய சோற்றுக் கிண்ணத்தை வாங்கத் தயங்கிக் கையைப் பின்னுக்கு இழுத்தாள். பையன்களை விரட்டிய அம்மா அதற்கு மட்டும் அழுதாள்.

போன மாதம் அவனிடமிருந்து செய்தி வந்தது. இரண்டாம் பாகத்துக்கு அம்மா மறுபடியும் வேண்டுமாம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"வரச் சொல்லு. கேமரா இல்லாம வரச் சொல்லு. எதுர்ல ஒக்கார வச்சி ஒரு வார்த்த கேக்கணும்."

அப்படியே எழுதி அனுப்பினேன். அவன் படித்துவிட்டான் என்பது தெரிந்தது. ஆனால் வரவில்லை.