நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஒரு நம்பர்

அன்றைய பட்டியலில் பதினொரு இடங்கள் இருந்தன. எல்லா இடத்திலும் ஒரே வேலைதான்: போன் கம்பியைக் கழற்ற வேண்டும், பழைய கருவியை வாங்க வேண்டும், கையெழுத்து எடுக்க வேண்டும், கடைசியாக என் கைபேசியில் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு அந்த எண் உலகத்தில் இல்லை.

பண்டாரவளையில் தொலைபேசி வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் தொழில்நுட்பவியலாளர். இணைப்புக் கொடுப்பதற்காகத்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பெரும்பாலும் துண்டித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. வீட்டுப் போன் மேசையில் உட்கார்ந்து தூசி சேர்க்கிறது. அப்புத்தளையில் ஒரு டீச்சர், கருவியைப் பின்னல் உறையோடு சேர்த்துக் கொடுத்தார். உறை வேண்டாம் என்றேன். "இதுக்கு அளவெடுத்துப் பின்னினது, வேற எதுக்கும் போடேலாது" என்றார். உறையையும் கொண்டுவந்தேன். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

பட்டியலில் ஏழாவது, பூனாகலைச் சந்திக் கடை. அது எங்கள் ஊர்க் கடை.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் வியாபாரி. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நானா. கைபேசிகள் வருவதற்கு முன்பு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அந்தக் கடைப் போன்தான் போன். அதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் மாமா முதலில் கூப்பிட்டு, இன்ன வீட்டு ஆளைக் கூப்பிடுங்கள், அரை மணி நேரத்தில் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவார். நானா கடை வாசலில் நின்று, பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு போகும் யாரிடமாவது சொல்லி அனுப்புவார். அந்த ஆள் ரோட்டு வளைவில் நின்று கூவ, லயத்து முதல் வீடு அதை வாங்கிக் கடைசி வீடு வரை கொண்டுபோகும். போன் வந்தவர் உடனே ஓடமாட்டார். முகம் கழுவி, தலை சீவி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வருவார். பேசும் ஆளுக்கு முகம் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கடைக்குப் போகிறோம் இல்லையா?

ஆகவே எங்கள் ஊரில் எந்தப் படிவத்திலும் 'தொலைபேசி' என்ற கட்டத்தில் அந்த ஒரே எண்தான் இருக்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஞானஸ்நானப் பதிவு, எல்லாவற்றிலும். எனக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே அந்த எண் மனப்பாடம்.

பத்தரை மணிக்குப் போய் இறங்கினேன்.

"வாங்க மகள். இத எப்பக் கழட்டுவாங்கன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றார் நானா. "ஏணி நான் பிடிக்கவா?"

"வேணாம் நானா. நீங்க பிடிச்சா நான் உங்களையும் பாக்கணும், ஏணியையும் பாக்கணும்."

"பேச்சப் பாரு! கம்பத்துல ஏறினா வாயும் ஏறிருமோ?"

ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை என் சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டையில் உண்டு. ஏணியின் கால், இடுப்புப் பட்டி, கையுறை, மேலே குளவிக்கூடு. கடைசியானது பாடத்தில் இல்லை, தோட்டத்தில் கற்றுக்கொண்டது. எல்லாம் பார்த்து ஏறி, கம்பத்துப் பெட்டியில் கடையின் கம்பியைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பத்து நிமிட வேலை. நானா தேநீர் வைத்திருந்தார். அவர் கையெழுத்துப் போட, நான் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"இதுல இப்ப யாருமே பேசுறதில்லையா நானா?" சும்மா கேட்டு வைத்தேன். அது படிவத்தில் இருக்கும் கேள்வியும்கூட.

"எங்க? தப்பு நம்பர்தான் வருது. நேத்தும் ஒன்னு. பதுளையில இருந்து ஒரு மிஸ், சிங்களத்துல. ரயில் மாதிரி நீளமா ஒரு பேரு சொன்னா. அப்பிடி ஒரு ஆளு இந்தத் தோட்டத்துலயே இல்லன்னு சொல்லிட்டேன். விசாரிச்சு வைங்க, நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு முன்ன இன்னொரு தரம் எடுக்கிறேன், இல்லாட்டிப் பட்டியல்ல அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன்னா. கூப்பிடட்டுமே, எனக்கென்ன?"

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"என்ன பேரு நானா?"

"காலண்டர்ல எழுதினேன். பாருங்க."

என் தங்கையின் பெயர். வீட்டில் அவள் சின்னவ. லயத்தில் சின்னவ. கோயிலில் சின்னவ. நானாவுக்கும் அவள் பால் குடிக்கும் காலத்திலிருந்தே சின்னவ. பதிவுப் பெயர் அவளுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை யார் என்று கேட்பார்கள்.

பதுளையில் பல் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். உயர்தரப் பரீட்சை முடித்து இரண்டு வருடமாக அவள் காத்திருந்தது அந்த ஒன்றுக்குத்தான். அது கிடைக்காவிட்டால் கொழும்பில் துணிக்கடை வேலைக்கு அனுப்புவதாக மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். நேர்முகத் தேர்வுக்குத் தெரிவானவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவோம் என்று விளம்பரத்திலேயே இருந்தது. மூன்று வாரமாக அவள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் படிவத்தை நிரப்பியது நான். அவள் எழுத்து கோணல் என்று சொல்லி நானே பிடுங்கி நிரப்பினேன். இணைப்புகள் எல்லாவற்றையும் எண்ணிட்டு, சரிபார்த்து, பக்கத்தில் பென்சிலால் சரி அடையாளம் போட்டேன். தொலைபேசி எண்ணுக்கும் ஒரு சரி போட்டேன். தவறில்லாத எண்தான், ஆனால் கடை எண். அதை எழுதும்போது என் கை என்னைக் கேட்கவே இல்லை.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. நான் மறுபடி ஏணியைத் தூக்கினேன்.

"இப்பத்தானே மகள் எறங்கினீங்க?"

"நம்ம சின்னவதான் நானா அந்த நீளப் பேரு."

நானா காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யா அல்லா! நம்ம சின்னவளுக்கு இவ்வளவு பெரிய பேரா?" என்று கேட்டுக்கொண்டே ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டையையும் பார்க்கவில்லை. குளவிக்கூடு இல்லை என்பது ஏற்கெனவே தெரியும்.

கம்பியை மாட்டி இறங்கி, போனை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் ஒலி கேட்டது. அந்த ஒரே சுரத்தை நான் அவ்வளவு ரசித்துக் கேட்டதில்லை.

அடுத்தது தங்கை. அவள் கைபேசிக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. எங்கள் லயம் மலைக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே கைபேசி மணி பார்க்கவும் பாட்டுக் கேட்கவும்தான். பேச வேண்டுமென்றால் வளைவுக்கு ஏறிவர வேண்டும். நான் ஓடிப் போய்க் கூட்டிவரலாம். ஆனால் அதற்குள் போன் வந்தால், சிங்களத்தில் பேசி அந்த மிஸ்ஸை நிறுத்திவைக்க நானாவை நம்ப முடியாது. நேற்று அவர் பேசிய லட்சணம்தான் தெரிந்ததே.

அம்மா அன்று அஞ்சாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அது உயரம், சிக்னல் நன்றாக இருக்கும். அம்மாவின் கைபேசி பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் கட்டிய படங்குக்குள் இருக்கும். நான்காவது மணியில் எடுத்தார்.

"ஏண்டி, யாருக்கும் என்னவும் ஆயிருச்சா?"

"இல்லம்மா. சின்னவள உடனே கடைக்கு வரச் சொல்லு. பதுளையில இருந்து போன் வரப்போகுது."

"அவகிட்டதான் போன் இருக்கே, அடிச்சுச் சொல்ல வேண்டியதுதான?"

"அங்க சிக்னல் இல்லம்மா."

"அப்ப நா மட்டும் எப்படிச் சொல்றதாம்?"

"கத்தும்மா. கீழதான லயம்."

பிறகு அம்மா கத்தியது என் காதில் போனில் கேட்டது. இரண்டு வினாடி கழித்து அதே சத்தம் மலையிலிருந்து காற்றில் நேராகவும் வந்தது. எழுநூறு மீற்றர் தூரம் என்று மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

"ஏ சின்னவளே! கடைக்கு ஓடுடீ! போனு!"

பக்கத்து நிரையில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு லயத்திலிருந்து யாரோ பதிலுக்குக் கூவினார்கள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கைபேசி, மலை, தொண்டை, லயம் என்று நான்கு கட்டம். எனக்குத் தெரிந்த எந்த வலைப்பின்னல் வரைபடத்திலும் அப்படி ஒரு பாதை கிடையாது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. நானாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் எடுத்தேன். அந்த மிஸ், ரயில் நீளப் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான் அக்கா, அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன்.

"நேற்று அப்படி யாரும் இல்லை என்றார்களே?"

நானா பிஸ்கட் போத்தல்களை மும்முரமாக ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

"வீட்டில் வேறு பெயர் மிஸ்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம் வாங்கித் தந்தது. வருவது உறுதியா என்று விண்ணப்பதாரிதான் சொல்ல வேண்டும், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தங்கை வாசலில் வந்து நின்றாள். மூச்சிரைத்தது. ஆனால் முகம் கழுவியிருந்தாள், பவுடர் பூசியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமைக் கோயில் சட்டை போட்டிருந்தாள்.

போனை இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்ந்து நின்று, ஆமாம் என்பதைச் சிங்களத்தில் "ஓவ் மிஸ், ஓவ் மிஸ்" என்று ஏழு தடவை சொன்னாள். திங்கட்கிழமை ஒன்பது மணி, மூலச் சான்றிதழ்கள். பிறகு திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கைபேசி எண் ஏதாவது இருக்கிறதா என்று மிஸ் கேட்கிறார். அவளுடையது லயத்தில் எடுக்காது என்பதால் நான் பாண் உறையில் என் எண்ணை எழுதி நீட்டினேன். அவள் வாசித்தாள்.

வைத்த பிறகு, "போன்ல முகம் தெரியாதுடி" என்றேன்.

"தெரியாதுதான். அதுக்குன்னு பரட்டத் தலையோடயா வருவாங்க?" என்றாள். நானா அவளுக்கு ஒரு டொஃபி கொடுத்தார். "பேரு நீளமா இருக்கு, இனிச் சின்னவளேன்னு கூப்பிட ஏலாது போல" என்றார். அவள் டொஃபியை வாயில் போட்டுக்கொண்டு அழுதாள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவோடு ஏழெட்டுப் பேர் மலையிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்துவிட்டார்கள். என்ன போன், யாருக்குப் போன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் ஒவ்வொருவராக யோசிக்கத் தொடங்கினார்கள். மகனின் கடவுச்சீட்டுக்கு எந்த நம்பர் கொடுத்தோம்? ஆஸ்பத்திரிக் கிளினிக் அட்டையில்? நானா காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். நான் பின்பக்கத்தில் எழுதினேன்: ஆள், படிவம், மாற்றியாயிற்றா. பதினேழு வரி வந்தது. போன் பக்கத்தில் ஒட்டினோம்.

வேலைப் படிவத்தில் 'வாடிக்கையாளர் அவகாசம் கேட்டார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு வாரம் என்று நிரப்பினேன். நானா கையெழுத்துப் போட்டார். "நான் கேக்கவே இல்லையே, மகள்" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது தாளில் பதினேழும் வெட்டப்பட்டிருந்தன. கழற்றினேன், கருவியை வாங்கினேன், பொத்தானை அழுத்தினேன். வெளியே வந்து வேனில் ஏறும்போது கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். சிவப்புப் பெயிண்டில் அதே எண். திரும்பிப் போய் நானாவிடம் காட்டினேன். "அது கெடக்கட்டும். அது இல்லாட்டி இது வேற யார்ட கடையோன்னு நெனப்பாங்க" என்றார்.

தங்கைக்கு இடம் கிடைத்தது. பயிற்சியின் முதல் நாள், நான் அப்புத்தளையில் ஒரு கம்பத்தடியில் நின்றபோது பதுளையிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க ஒரு படிவம் தந்திருக்காங்க. அவசரத்துக்குக் கூப்பிட நம்பர் கேக்குது. கை பாட்டுக்குக் கடை நம்பர எழுதிருச்சு. வெட்டிட்டேன். ஒன் நம்பர் என்ன?"

"ஒம் போன்லயே இருக்கேடி, பாத்து எழுது."

"பாத்தேன். அக்கா, அக்கா புதுசு, அக்கா ஆபீஸ்னு மூனு இருக்கு. எதுல எப்பவும் நீ கெடைப்ப?"

பத்து இலக்கங்களையும் மெதுவாகச் சொன்னேன். எழுதினாள். திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னாள்.

"இப்ப தாளப் பாக்காமச் சொல்லு" என்றேன்.