நான் தேர்ந்தெடுத்த பிரேக்

அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கிய பழைய எஸ்யூவி, மழைக்காலம் முடிந்த கையோடு உதறத் தொடங்கியது. கொஞ்சம் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் கையில் நடுங்கும். வாரநாட்களில் மரக்காணத்திலிருந்து திண்டிவனம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு நான் அதில்தான் போகிறேன்; அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மற்ற நாட்களில் அண்ணன் சவாரி ஓட்டுவான். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான்.

"பிரேக் பேடும் டிஸ்க்கும் மாத்தணும் பாப்பா. நீதான் மெக்கானிக்கல் படிச்சவ. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு. நீ சொல்றதைத்தான் போடுவேன்" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட என்னை யாரும் கேட்பதில்லை.

வழக்கம்போல வரிசை போட்டு யோசித்தேன். முதலில் காற்று. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற வீடு. கேட்டின் தாழ்ப்பாளை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. அதனால் துருப்பிடிக்காத சாம்பல் நிறப் பூச்சு பூசிய டிஸ்க். பிரேக் பிடிக்கும்போது பேட் உரசுகிற முகத்தில் அந்தப் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும், அது பரவாயில்லை. நடுப்பகுதியிலும் விளிம்பிலும் நிற்க வேண்டும். இரண்டாவது, பேடின் பின்தகடு. அதில் துரு ஏறினால் மேலே ஒட்டியிருக்கும் பொருள் மெல்லப் பெயர்ந்துவிடும். ஆகவே துத்தநாகம் பூசிய தகடு, செராமிக் பேட். மூன்றாவது, ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தான். "டிஸ்க்குக்குக்கூட மேக்கப் போடணுமா? என் கல்யாணத்துக்கே நீ போட்டுக்கல!"

அடுத்த வாரம் பெட்டிகளின் படத்தை அனுப்பினான். நான் சொன்னவையேதான். நான் பஸ்ஸில் கூடுதல் ஷிஃப்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் ஆளில்லாத சாலையில் விட்டு விட்டு மெதுவாகப் பிரேக் பிடித்து, புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்கினேன். உதறல் போயிருந்தது. வந்து அவனுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

பிறகு காய்ச்சலில் சில நாள் வண்டியை எடுக்கவில்லை. எடுக்கப் போன காலையில் சக்கரத்தின் இடுக்கு வழியே பார்த்தால், டிஸ்க்கின் முகம், நடுப்பகுதி, விளிம்பு எல்லாம் செங்கல் நிறம். பூச்சு இருந்தால் நடுப்பகுதி அப்படி ஆகாது. கடைக்காரர்தான் பெட்டிக்குள் வேறு எதையோ வைத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"கடைக்குப் போய்க் கேக்கலாம்ணா. நான் பேசறேன்."

"விடு பாப்பா. ஏமாத்திட்டான் போல. அவன்கிட்ட போய் யாரு மல்லுக்கட்டறது" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்னோடு சேர்ந்து அவனும் ஏமாந்துவிட்டானே என்று அன்று அவனுக்காக வருத்தப்பட்டேன்.

அந்த ஞாயிறு அண்ணனின் மாமனார் சாப்பிட வந்தார். எங்களுடையதைப் போன்ற அதே வண்டிதான் அவருக்கும். இறங்கும்போதே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, உன் செலக்‌ஷனாமே? மாப்ள சொன்னாரு. பிரேக்கு சும்மா நச்சுனு புடிக்குது போ! இன்ஜினியருன்னா இன்ஜினியருதான்."

அண்ணன் அவசரமாக, "உள்ள வாங்க மாமா, வெயிலு" என்றான்.

அவர்கள் உள்ளே போன பிறகு அவர் வண்டியின் முன்சக்கரத்தருகே குனிந்தேன். டிஸ்க்கின் நடுப்பகுதி சுத்தமான சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் வீடு இடையஞ்சாவடியில், முந்திரித் தோப்புக்குள்ளே. கடல் காற்று அங்கே பேருக்குத்தான் வரும்.

சாப்பாடு பரிமாறினேன், ரசம் வேண்டுமா என்று கேட்டேன். அவர் புறப்பட்டுப் போன பிறகுதான் அண்ணனிடம் வாயைத் திறந்தேன்.

"மாமா வண்டியில இருக்கறது யாருக்கு வாங்கினது?"

"அவரு வண்டியும் அதே மாதிரி உதறுச்சு. ஒர்க்‌ஷாப்ல பெட்டியைப் பாத்துட்டு, நல்லா இருக்குதே மாப்ளன்னாரு. பொண்ணு குடுத்தவரு, எப்படி இல்லன்றது?"

"நமக்கு?"

"சாதா டிஸ்க்கு. அதுவும் பிரேக்குதானே? அவரு ஈசிஆர்ல பறப்பாரு. நீ மெதுவாத்தான ஓட்டுவ."

"கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொன்னியே."

"நீ கோவப்படுவேன்னுதான்."

சாதா டிஸ்க்கும் வண்டியை நிறுத்தும். அது எனக்குத் தெரியும், அதனால் ஆபத்து என்று சொல்லிச் சண்டை போடவும் முடியவில்லை. என் பேச்சை அவன் நம்பவில்லை என்றால் எனக்குப் பழக்கம்தான், தாங்கியிருப்பேன். ஆனால் நம்பினான். நான் சொன்னதுதான் சிறந்தது என்று நன்றாகத் தெரிந்ததால்தான், மரியாதை செய்ய வேண்டிய ஆளுக்கு அதை எடுத்துக் கொடுத்தான். நான் நிதானமாக ஓட்டுகிறேன் என்பதையே காரணமாக்கி எனக்கு மிச்சத்தை மாட்டினான். அம்மா உட்காருவதும் அந்த வண்டியில்தான் என்பது அவன் கணக்கில் வரவே இல்லை.

பங்குனியில் மறுபடி வந்தான், போனைக் கையில் வைத்துக்கொண்டு. "பாப்பா, டயர் மாத்தணும். எது நல்லதுன்னு பாத்துச் சொல்றியா?"

"யார் வண்டிக்கு?"

"இன்னா பேச்சு இது. நம்ம வண்டிக்குத்தான்."

அளவை மட்டும் சொன்னேன். அது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் குனிந்து படித்துக்கொள்ளலாம்.