வெள்ளிக்குக் குடிபோன தராகோ

அப்போ என்னும் எரிமலையின் அடிவாரத்தில் சாலிங் காப்பிக்கொட்டை பறிப்பவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மகள் மேரிவிக்கை மட்டும் கல்லூரி வரை அனுப்பிவிட்டாள். எரிமலைக்குள் வாழும் பெண்தெய்வம் தராகோவின் பெயரை உரக்கச் சொல்லவே பயப்படும் ஊர் அது. ஆனால் மகள் படித்துவிட்டு வந்து சொன்ன செய்தியை அவள் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னாள்: "வெள்ளி கிரகத்துல நெருப்புக்குழம்பு ஓடி உறைஞ்ச எடமிருக்காம். அதுக்கு நம்ம தராகோ பேரு."

இப்போது அவள் கணவன் பெர்னிங், பிரம்பு வெட்ட மலையேறியவன், திரும்பவில்லை. மழையில் மண் சரிந்திருந்தது. தேடிப் போனவர்கள் ஓடையில் வெள்ளம் ஏறியதும் வெறுங்கையோடு இறங்கிவிட்டார்கள்.

இப்படி ஒருவர் வராவிட்டால், மூங்கிலை நுனியில் பிளந்து மலையைப் பார்க்க நட்டு, பிளவில் பொருத்திய வெள்ளைக் கிண்ணத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அவரைத் திருப்பித் தரும்படி தராகோவிடம் கேட்பது அந்தக் குடும்பத்து வழக்கம். சாலிங் அதை மலைக்கு முதுகு காட்டி, வெள்ளி தெரியும் திசையில் நட்டாள். மேகம் விலகவே இல்லை. நனைந்துகொண்டே நின்றாள்.

"அண்ணி, மலை இந்தப் பக்கம் இருக்கு," என்றான் பெர்னிங்கின் தம்பி எலியாஸ். "அங்க யாரக் கூப்புடுறீங்க?"

"அவ வீடு மாறிட்டா. எம் மவளக் கேளு."

"எரிமலையக் காலி பண்ணிட்டுப் போயிட்டாளாக்கும். நல்லாப் படிக்க வச்சீங்க போங்க."

சாலிங் மகள் பக்கம் திரும்பினாள். "வெள்ளி தெரிஞ்சாத்தானே அவளுக்குக் கேக்கும். எப்பம்மா தெரியும்? நீ படிச்சவ, சொல்லு."

வெள்ளியில் யாருமில்லை என்று மேரிவிக் சொல்லிவிடலாம். இந்த மலையில் மட்டும் தராகோ இருக்கிறாளா? கல்லூரியில் சிரித்து ஒதுக்கிய கேள்வி அது. இங்கேயும் இல்லையென்றால், அப்பாவை யாரிடம் கேட்பது?

"அங்க பேரு மட்டுந்தாம்மா வச்சிருக்காங்க," என்றாள். "அவ எங்கயும் போகல. இங்கதான் இருக்கா."

"நெசமாவா?"

"நெசந்தாம்மா."

சாலிங் கிண்ணத்தைப் பிடுங்கி எடுத்தாள். "அப்ப இவ்வளவு நேரம் அவளுக்கு முதுகக் காட்டிக்கிட்டா நின்னேன்?"

மலைப்பாதையில் ஓடினாள். மேரிவிக் ஓடைக்கரையில்தான் அவளை எட்டிப் பிடித்து, இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தண்ணி வடியட்டும்மா."

"நீதானே சொன்ன, இங்கதான் இருக்கான்னு. கிட்டப் போயிக் கேட்டா குடுத்துருவா. விடு."

இல்லையென்று சொல்ல மேரிவிக்கால் முடியவில்லை. விடவும் முடியவில்லை. பின்னால் ஓடிவந்த எலியாஸ் கயிறு எடுத்துவரும்படி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். சாலிங் ஓடைக்குள் இறங்க, தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. கிண்ணத்தை உயரத் தூக்கியபடி அடுத்த அடியை வைத்தாள். கட்டியிருந்த கைகளோடு மகளும் இழுபட்டாள்.