தாத்தா தூக்காத பிள்ளை

எங்கள் குடும்பத்தில் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு முன்னால் அம்மிக்குழவிக்குத்தான் முதல் மரியாதை. அதைக் குளிப்பாட்டிப் பட்டுத்துணியில் சுற்றி, வீட்டுக்குப் பெரியவர் தொட்டிலில் கிடத்துவார். கண்ணேறெல்லாம் கல்லோடு போகட்டும் என்பது கணக்கு. பிறகு கல்லை எடுத்துவிட்டு, அதே கையால் பிள்ளையைத் தூக்கிப் போட வேண்டும்.

தென்காசியில் அம்மாவைப் பெற்ற தாத்தாதான் அந்தப் பெரியவர். அதுவரை பிறந்த பேரப்பிள்ளைகள் எல்லாரும் அவர் கையால் தொட்டில் ஏறியவர்கள். குற்றாலத்துக்குப் போனால் பாறை வழுக்கும் என்று என்னைத் தோளில் வைத்துக்கொண்டே அருவிக்குள் நுழைவார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலம். சித்திக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. தாத்தா குழவியை எடுத்துத் தொட்டிலுக்குள் குனிந்தார். பாதி தூரம் மெல்லத்தான் இறங்கியது. அதற்கப்புறம் கை விட்டதோ இடுப்பு விட்டதோ, கல் தொப்பென்று விழுந்து தொட்டில் ஆடியது. தாத்தாவுக்கு என்ன அவசரம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பாயில் கிடந்த பிள்ளையையே பார்த்தார். வேறு யாராவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"பொட்டப்பிள்ளைன்னுதான அப்பா தொடமாட்டேங்காக?" என்று சித்தி என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் தொட்டிலில் போட்ட நானும் பொட்டப்பிள்ளைதான் என்பது அந்த அழுகையில் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பழியைத் தாத்தா மறுக்கவே இல்லை. மறுப்பதென்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு வாய் வராது. சித்தி புருஷன் வீட்டுக்குச் சுரண்டைக்குப் புறப்படும்வரை அந்த வீடு இழவு வீடு மாதிரிதான் கிடந்தது.

தினமும் மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்ததும் தாத்தா குழவியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போவதை நான் ஒருத்திதான் பார்த்தேன். தரையில் சாக்கை விரித்து, கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிவார். முழங்கால் நடுங்கும். கடைசி ஒரு சாண் இருக்கும்போது கல் விழுந்துவிடும்.

"சத்தம் கேட்டுச்சாட்டி?" என்பார்.

"கேட்டுச்சு தாத்தா."

மறுபடி எடுப்பார். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் உற்சாகமாகவே பதில் சொன்னேன்.

சித்தி அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினாள். அவளையும் பிள்ளையையும் ஏற்றிய வண்டி தெருவைத் தாண்டிய பிறகும் அவர் புறவாசலில் குனிந்துகொண்டுதான் இருந்தார். அப்போதும் கல் விழுந்தது. இந்தத் தடவை அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லுக்கு வலிக்கவா போகிறது, இதற்குப் போய் ஏன் அழுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.