முப்பத்தேழாவது பிள்ளை

நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள். சுல்பாவும் யாரையும் நம்பச் சொல்லிக் கேட்கவில்லை. கண்டக்குழிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சிறுவர் இல்லத்தில் பதினொரு வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்; பிள்ளைகளுக்கு அவள் 'ராத்தா', மூத்த அக்கா. ஜின், பேய் என்று பிள்ளைகள் கதைத்தால் ஓர் அதட்டுப் போட்டுப் படுக்க அனுப்புகிறவள். போன நவம்பர் மழையில் அவளுக்கு நடந்தது இது. ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்கத்தான் முடியவில்லை.

அரிசியும் சீனியும் மட்டும்தான் அந்த இல்லத்துக்குக் கடையிலிருந்து வரும். மற்றதெல்லாம் சொந்த மண்ணில் விளைவது. முன்னால் பள்ளிக்கூடம். பின்னால் வெங்காயம், மிளகாய், ஆட்டுப் பட்டி, கோழிக்கூடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பேரில் ஒரு பாத்தி உண்டு. பாத்திகளுக்கு நடுவில் அகலமான பழைய கிணறு. பிள்ளைகள் மொத்தம் முப்பத்தேழு பேர். ஆகச் சின்னவள் இனாஸ், ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் வாத்தியாரைச் 'சேர்' என்று கூப்பிட அவளுக்கு வராது. 'தேர்' என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அன்று பின்னேரம் நாலரைக்குக் கடல் காற்று ஒரேயடியாக ஏறியது. கோழிக்கூட்டின் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. 4.50க்குக் கரண்ட் போனது. ஃபோனில் சிக்னலும் இல்லை. "ரோட்டுல முழங்காலுக்குக் கடல் தண்ணி ஏறிட்டு, இனி ஒருத்தரும் வரவும் ஏலாது, போகவும் ஏலாது" என்று தோட்டத்தைப் பார்க்கிற கிளைட்டன் ஓடி வந்து சொன்னான். சுல்பா பிள்ளைகளைப் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் விரட்டிச் சேர்த்தாள். பாய் விரித்து வரிசையாக உட்காரவைத்தாள்.

5.10. தலைகளை எண்ணினாள். முப்பத்தேழு. பள்ளிக்கூட அதிபர் ஜபார் சேரும் எண்ணினார். முப்பத்தேழு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகுதான் மழை கொட்டத் தொடங்கியது.

5.25க்குத் தேத்தண்ணி கொடுத்தாள். கடைசி வரிசையின் ஓரத்தில் இருந்த பிள்ளை மட்டும் கை நீட்டவில்லை. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்திருந்தது. உருவத்தைப் பார்த்தால் இனாஸ். பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக் கோப்பையைப் பக்கத்தில் வைத்தாள் சுல்பா. அந்த இடத்தில் பாய் ஈரமாகக் காலில் பட்டது. கூரை ஒழுகுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஒழுகவில்லை.

5.32. றிஷ்னா எழும்பி வந்து அவளுடைய உடுப்பைப் பிடித்து இழுத்தாள். இனாஸுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

"ராத்தா, நான் அங்கால போய் இரிக்கவா?"

"ஏன்?"

"இனாஸ்ட கை... ஐஸ் மாதிரி இரிக்கி."

வெளியே ஒரு தென்னை முறிந்து விழுந்தது. பிள்ளைகள் வீரிட்டு அழுதார்கள். அவர்களை அடக்க ஜபார் சேர் இடாப்பை எடுத்து, டோர்ச் வெளிச்சத்தில் பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு குரலாக வந்தது.

"இனாஸ்?"

"இரிக்கன் சேர்."

சுல்பாவின் கை அப்படியே நின்றது.

சேர்... தெளிவாக. அழுத்தமாக.

அவள் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. மெல்ல ஜபார் சேரிடம் போனாள்.

"சேர், இனாஸ் இங்க இல்ல."

"என்ன கதைக்கிறீங்க? இப்பதானே பேசிச்சு. எண்ணிக்கையும் சரி."

"எண்ணிக்கை சரிதான் சேர். பிள்ளதான் வேற."

சுல்பாவுக்கு அங்கே உட்கார்ந்திருப்பது என்ன என்ற யோசனைகூட இல்லை. மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்... அப்படியென்றால் என் பிள்ளை எங்கே? எவ்வளவு நேரமாக? யாருமே தேடவில்லையே!

5.41. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

மழை கண்ணைத் திறக்க விடவில்லை. மணலில் கால் புதைந்தது. "இனாஸ்! இனாஸ்!" கத்தக் கத்தக் காற்று குரலைப் பிடுங்கிக்கொண்டு போனது.

பின்னால் சத்தம்.

சப்... சப்... சப்...

ஜபார் சேர் வருகிறார் என்று நினைத்தாள். பத்தடி போன பிறகுதான் உறைத்தது. அது வெறுங்கால். சின்னக் கால்.

ஆயத்துல் குர்ஸி ஓதினாள். பாதியில் மறந்தது. திரும்பத் தொடங்கினாள். திரும்பவும் மறந்தது.

அவள் நின்றால் அதுவும் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை.

இனாஸின் பாத்தி வந்தது. நாற்றுக்கு மேல் பாதிவரை தென்னோலைக் கிடுகு மூடியிருந்தது. மீதிப் பாதி வெறுமை. யா அல்லாஹ்... மழைக்கு நாற்று அழுகிவிடுமென்று பிள்ளை மூட வந்திருக்கிறது!

கிணற்றுக்கு ஓடினாள்.

இருட்டு. தண்ணீர்ச் சத்தம்.

பிறகு...

"ரா...த்தா..."

பம்பு பைப்பைக் கட்டிப்பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் இனாஸ்.

"கிளைட்டன்! கயிறு! கிளைட்டன்!"

ஆட்டுப் பட்டியிலிருந்து கயிற்றோடு பாய்ந்து வந்தான் அவன். ஒரு நொடியும் யோசிக்காமல் உள்ளே இறங்கினான். 5.58க்குப் பிள்ளையை மேலே தூக்கினார்கள். உதடு நீலம். ஆனால் உயிர் இருந்தது. சுல்பா அவளை நெஞ்சோடு அணைத்தாள். பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. சூடாக இருந்தது.

"நான் எவ்வளவு கத்தினன் ராத்தா. ஏன் ஒருத்தரும் தேடல்ல?"

சுல்பா அழுதாள்.

"மேல ஒரு பிள்ள எட்டிப் பார்த்தா. நான் கையக் காட்டினன். சிரிச்சிட்டுப் பள்ளிக்கூடப் பக்கம் போயிட்டா."

"ஆரு?"

"என்னப் போலயே இருந்தா, ராத்தா... பல் மட்டும் இருந்திச்சி."

கிளைட்டன் சிலுவை போட்டுக்கொண்டான்.

மண்டபத்துக்கு வந்தபோது ஜபார் சேர் வாசலில் நின்றார். உள்ளே முப்பத்தாறு பேர். ஓரத்தில் ஈரப் பாய் மட்டும்.

"எங்க அது?" என்று கேட்டாள் சுல்பா.

றிஷ்னாதான் சொன்னாள். "நீங்க வெளிய போகக்குள்ள அவளும் எழும்பி உங்களுக்குப் பின்னாலயே வந்தாளே, ராத்தா..."

நாலாம் நாள் தண்ணீர் வடிந்தது. அன்று காலை பத்து மணிக்கு முனவ்வரா என்ற பெண் கேற்றடியில் வந்து நின்றாள். தொண்ணூறாம் வருஷம் மன்னார் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது வந்தவள், அடுத்த குடியிருப்பில் கருவாடு விற்கிறவள். எத்தனையோ தடவை கூப்பிட்டும் ஒரு நாளும் உள்ளே வராதவள். அன்றைக்கும் வரவில்லை. நடந்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கேற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அது தேத்தண்ணி குடிச்சிச்சா, மகள்?"

"இல்ல."

முனவ்வரா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தொண்ணூத்தொண்டுல இந்தக் காணி முழுக்க அகதி முகாம். என்ட மகள் ஸஃப்னாவுக்கு எட்டு வயசு. இந்தக் கிணத்துல இரிந்துதான் மையத்தத் தூக்கினாங்க. தண்ணிக்குள்ள மூணு நாள் கிடந்திச்சாம், டொக்டர் சொன்னாரு."

"மூணு நாளும் நீங்க தேடல்லையா?"

"ஏன் தேடணும்? மூணு ராவும் அவ என்ட பக்கத்துலதானே படுத்தா. சோறு மட்டும் தின்னல்ல. உடம்பு குளிருதெண்டு என்ட சேலையால போத்தி, கட்டிப் பிடிச்சிட்டுப் படுத்தன்."

அவள் நிமிர்ந்து சுல்பாவைப் பார்த்தாள்.

"அப்ப நான் கட்டிப் பிடிச்சிட்டுப் படுத்தது ஆர, மகள்?"