வகுப்பு சிரித்த இடங்கள்

இதழியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களை ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். வெறும் தகவல் கட்டுரை இல்லை. ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் தேடி, எதிர்த்துப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லி, படிக்கிறவரை நம் பக்கம் இழுக்க வேண்டும். கடைசியில் வகுப்பின் முன் நின்று வாதாடவும் வேண்டும். தமிழிலும் எழுதலாம் என்றதும் எனக்குப் பெரிய நிம்மதி.

ஒவ்வொருவராக எழுந்து தலைப்பைச் சொன்னார்கள். செல்போன், பிளாஸ்டிக், இணையவழித் தேர்வு. என் முறை வந்தபோது, "வடசென்னைப் பேச்சு கொச்சை அல்ல" என்றேன்.

பேராசிரியை சிரித்தார். கெட்ட மனுஷி இல்லை அவர். பசியோடு வருகிற பிள்ளைகளுக்குத் தன் டப்பாவைத் திறந்து கொடுப்பவர். "ஜாலியா இருக்கும்மா, கிளாஸே என்ஜாய் பண்ணும்" என்றார்.

ஜாலிக்காக இல்லை என்றேன்.

"சீரியஸாவா சொல்ற? கோவைத் தமிழ், நெல்லைத் தமிழ், அதெல்லாம் வட்டார வழக்கு. இது எல்லாத்தையும் கலந்து, உடைச்சு, இழுத்துப் பேசறதும்மா. நீ அழகாத்தானே பேசற, உனக்கு எதுக்கு இது?"

நான் அழகாகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். கல்லூரி ஊரின் மறுகோடியில். பாரிமுனையில் இறங்கி அடுத்த பஸ் ஏறும்போதே என் பேச்சும் மாறிவிடும். 'இன்னா'வைக் கழற்றி வைத்துவிட்டு 'என்ன'வை மாட்டிக்கொள்வேன். சாயங்காலம் அதே இடத்தில் திரும்பவும் மாற்றிக்கொள்வேன். யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை 'வூட்டுப்பாடம்' என்று சொல்லி வாங்கிய அடி போதுமானதாக இருந்தது.

நூலகத்தில் கிடைத்தவை எரிச்சலைத்தான் கிளப்பின. தமிழைப் பற்றிய கனமான புத்தகங்களில் எங்கள் பேச்சுக்குக் கிடைத்தது ஒரு பத்தி, சில இடங்களில் அதுவும் இல்லை. அந்தப் பத்தியிலும் 'சிதைந்த', 'தரம் குறைந்த' என்றுதான் இருந்தது. சிதைந்தது என்று சொன்னவர்கள் எது சிதையவில்லை என்று சொல்லவே இல்லை. 'இருக்கிறது' என்ற சொல்லின் வாலை வெட்டி 'இருக்கு' என்றால் அது பேச்சுத் தமிழ். நாங்கள் தலையை வெட்டி 'கீது' என்றால் அது கொச்சை. 'வந்துகொண்டு' என்பதை ஒருவர் 'வந்துண்டு' ஆக்கினால் சினிமாவில் அவர் கையில் வீணையைக் கொடுக்கிறார்கள். நாங்கள் 'வந்துகினு' ஆக்கினால் கையில் கத்தியைக் கொடுக்கிறார்கள். கலப்பு என்றால், ஜன்னலும் சாவியும் அலமாரியும் கப்பலேறி வந்தவைதானே. வக்கீலும் தாசில்தாரும் எந்தச் சங்கத்தில் பிறந்தார்கள்? கோர்ட்டுக்குப் போனால் மரியாதை, அதே உருதுவிலிருந்து கலீஜும் பேஜாரும் எங்கள் தெருவுக்கு வந்தால் மட்டும் கேவலம். இதையெல்லாம் எழுத எழுதப் பேனாவை அழுத்திப் பிடித்ததில் பக்கத்தின் மறுபுறம் தடம் விழுந்திருந்தது.

புத்தகம் கைவிட்டதால் ஆட்களைப் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்தேன். அதிலும் ஒரு சிக்கல். போனை முன்னால் வைத்தால் எங்கள் தெருவே செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடும். மிளகாய் மண்டியில் மூட்டை தைக்கிற என் அம்மாகூட, "நான் தினமும் காலையில் வேலைக்குச் செல்கின்றேன்" என்றாள்.

"யம்மா, நீ எப்பவும் பேசற மாரி பேசு."

"காலேஜுல கேப்பாங்கோ இல்ல? அசிங்கமா பேசுனா உனக்குத்தான் கெட்ட பேரு."

அந்த 'அசிங்கமா' என்ற வார்த்தை எனக்கு எங்கேயோ குத்தியது. தன் வாயில் இருப்பதே அசிங்கம் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பதிவாகிக்கொண்டிருந்த போனை அப்படியே விட்டுவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ என் அப்பாவின், எங்கள் பேச்சில் நைனாவின், விபத்துக்குப் போயிற்று. நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று நைனாவின் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. இப்போது செயற்கைக் காலோடு ராயபுரத்தில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாக இருக்கிறார். அந்த நாளைப் பற்றி அம்மா அவ்வளவு விரிவாக அதற்கு முன் பேசியதில்லை. போன் இருப்பதையே மறந்துவிட்டாள்.

முடிந்ததும், இதை வகுப்பில் போட்டுக் காட்டட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன். நைனா தோளைக் குலுக்கினார். அம்மா, "போட்டுக் காட்டு, எனக்கின்னா. நடந்ததத்தான சொல்லிக்கிறேன்" என்றாள்.

வகுப்பில் என் வாதத்தை ஒழுங்காகவே சொன்னேன். தலை, வால் உதாரணத்துக்குச் சிலர் தலையாட்டினார்கள். பேராசிரியைகூட ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, இந்தப் பேச்சில் எல்லாவற்றையும் சொல்ல முடியும், துக்கத்தையும் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் குரலை ஓடவிட்டேன்.

"லாரிக்காரன் நிக்காம பூட்டான். நான் ஓட்றேன், கால்ல செருப்பு கூட இல்ல. ஆஸ்பத்திரில உள்ள வுடமாட்டேன்றாங்கோ. அவுரு சட்ட என் கையில கீது, முழுக்க ரத்தமா கீது…"

'பூட்டான்' என்ற இடத்தில் பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு. 'வுடமாட்டேன்றாங்கோ' என்றபோது இன்னும் இரண்டு மூன்று பேர்.

"இன்னா பண்றதுன்னு தெர்யாம அங்கியே நின்னுகினு கீறேன்."

வகுப்பே சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்கள். புருஷனின் ரத்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். அவள் என்ன சொல்கிறாள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்தக் குரல் காதில் விழுந்தவுடன் அடுத்து ஒரு நகைச்சுவை வரும் என்று சின்ன வயதிலிருந்து திரை அவர்களைப் பழக்கி வைத்திருந்தது.

எனக்கு நேர் எதிரில் என் தோழி உட்கார்ந்திருந்தாள். புளியந்தோப்புக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். வீட்டில் என் அம்மாவைப் போலவே பேசுகிற அம்மா அவளுக்கும் உண்டு. அவளும் சிரித்தாள்.

பதிவை நிறுத்தினேன். "இதுல எது காமெடி?" என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது. அழுகை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அது அழுகை இல்லை.

பேராசிரியை எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "உன் அம்மாவப் பாத்து யாரும் சிரிக்கலம்மா. அந்த ஸ்லாங் அப்படி. ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோ."

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. என் அம்மாவின் வாழ்க்கையிலேயே மோசமான நாளை நான் எப்படி ஸ்போர்ட்டிவாக எடுத்துக்கொள்வது? என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அடுத்தவன் பிளாஸ்டிக் தடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

அன்று பஸ்ஸில் தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "நான் மட்டும் சிரிக்காம இருந்தா, நானும் அங்கேருந்துதான் வரேன்னு தெரிஞ்சு பூடும்."

அதைக்கூட அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அவள் மேல் இருந்த கோபம் அத்தோடு போய்விட்டது. ஒரு பெண்ணை இந்த அளவுக்குப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்களே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக வந்து உட்கார்ந்தது.

வீட்டில் அம்மா காத்திருந்தாள். "இன்னா சொன்னாங்கோ?"

நல்லா இருந்ததுன்னு சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "சிரிச்சாங்கம்மா" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. "எந்த எடத்துல?"

சொன்னேன்.

"நின்னுகினு கீறேன்னு சொன்னதுக்கா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் நின்னுகினுதான கீறேன்."

பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள். நைனாதான் கட்டிலிலிருந்து, "அந்த டீச்சரம்மா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். ஸ்போர்ட்டிவா எடுத்துக்கச் சொன்னாங்க என்றேன். அப்படின்னா இன்னா என்றார். என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

கட்டுரையை எழுத்தில் கொடுப்பதற்கு முன், பேராசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். அந்தப் பதிவை எடுத்துவிடும்படி சொன்னார். "அது எவிடன்ஸ் இல்லம்மா, எமோஷன். ஆய்வுல கோபம் தெரியக்கூடாது. படிக்கிறவங்க உன்ன நம்பணும்னா நீ நிதானமா இருக்கணும்."

நிதானமாகவே ஒரு வேலை செய்தேன். அம்மா பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். எந்தெந்தச் சொல்லுக்கு வகுப்பு சிரித்ததோ அங்கெல்லாம் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போட்டேன். ஆஸ்பத்திரி, சிரிப்பு. ரத்தச் சட்டை, அதற்குப் பிறகு பெருஞ்சிரிப்பு. அடுத்த பக்கத்தில் அதே நிகழ்ச்சியைச் செய்தித்தாள் தமிழில் எழுதினேன். 'செய்வதறியாது அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.' இதைப் படிக்கிறவர் இந்த இடத்தில் சிரிப்பாரா என்று ஒரே ஒரு கேள்வியைக் கீழே எழுதினேன். என் வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் எந்த நூலகத்திலும் கிடைத்திருக்காது. அதை எனக்குக் கொடுத்தவர்கள் என் வகுப்பு மாணவர்கள்தான். அவர்களுக்கு அடிக்குறிப்பில் நன்றியும் சொன்னேன்.

கட்டுரை திரும்பி வந்தபோது தேர்ச்சிக்குப் போதுமான மதிப்பெண் இருந்தது. முதல் பகுதி நெடுக நல்ல குறிப்புகள். அந்த இரண்டு பக்கங்களில் மட்டும் சிவப்பு மையில் ஓர் எழுத்துகூட இல்லை. படித்தாரா, படிக்க முடியாமல் தாண்டிப் போனாரா என்று தெரியாது. தோழி அதை வாங்கி, கான்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு, "என்னையும் சேத்தாடி தேங்க்ஸ் சொல்லிக்கிற?" என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்த ஆண்டு கல்லூரி விழாவுக்கு முன் மாணவர் குழுவிலிருந்து ஒருவன் என்னைத் தேடி வந்தான். நான் பேசிய அன்று முன்வரிசையில் இருந்தவன். மேடையில் 'சென்னைத் தமிழ்'ப் பகுதி ஒன்று வைத்திருக்கிறார்களாம். லுங்கியும் கர்சீப்பும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். நான் வந்து தொகுத்து வழங்கினால் கலகலப்பாக இருக்குமாம்.

"உனக்குத்தான் அது நேச்சுரலா வரும்" என்றான். பாராட்டுவதாகவே நினைத்துக்கொண்டு சொன்னான்.

"அது எங்க வூட்ல பேசறது" என்றேன். "நீங்க சிரிக்கறதுக்கோசரம் நாங்க பேசிகினு இல்ல. வேற யாரனா பாரு."

அந்தக் கட்டடத்துக்குள் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் முடிவு செய்யும் வரை நான் காத்திருக்கவில்லை.